மகளின் ஆலோசகர் எந்தப் பக்கம்? ஒரு தாயின் கேள்விக்கு விரிவான பதில்

திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். சென்னையில் வேலை பார்க்கும் 24 வயது மகள், தனக்குப் பெண்களிடமே ஈர்ப்பு உண்டு என்று அண்மையில் அவரிடம் சொல்லியிருக்கிறார். தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்குமாக மகள் போய்வரும் ஆலோசகர், பால்புதுமையினரை (தன்பாலீர்ப்புள்ளோர், திருநங்கையர் போன்றோரை) ஏற்கும் முறையில் சமூகநீதிப் பார்வையோடு பணிசெய்பவர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறாராம். "இது சிகிச்சையா, கொள்கைப் பிரசாரமா? ஆலோசகர் என்றால் நடுநிலையாக இருக்க வேண்டாமா? என் மகளை ஒரு பக்கமாகத் தள்ளிவிட மாட்டாரா? அவளைச் சரிசெய்யக்கூடிய வேறு மருத்துவரிடம் கூட்டிப்போவது நல்லதில்லையா?" என்பவை அந்தத் தாயின் கேள்விகள். இதே முறையில் பணிசெய்யும் மனநல ஆலோசகர் என்ற வகையில் பதில் எழுதுகிறேன்.

அம்மா, சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். இது சிகிச்சைதான். எந்தப் பக்கமாகவும் தள்ளுவது இந்த முறையின் வேலை அல்ல. அப்படித் தள்ளுகிற ஒருவர் இந்த முறையைச் சரியாகக் கற்றவர் அல்ல. சரிசெய்வதாகச் சொல்லும் மருத்துவரைத் தயவுசெய்து தேடாதீர்கள். அது தொழில்நெறிக்கு மாறானது என்பதோடு, உங்கள் மகளின் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது. நடுநிலையைப் பற்றிய உங்கள் கேள்விதான் உண்மையிலேயே கடினமான கேள்வி. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

தன்பாலீர்ப்பு ஒரு நோய் என்று மருத்துவமே ஒரு காலத்தில் சொன்னது. அந்தக் கருத்து எப்படி உருவானது என்பதைக் கவனித்தால், அது எப்படி உடைந்தது என்பதும் விளங்கும். பழைய ஆய்வுகளில் பெரும்பாலானவை மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் இருந்தவர்களை வைத்து நடந்தவை. துன்பத்தில் கிடந்தவர்களை மட்டும் பார்த்துவிட்டு, துன்பமே அவர்களுடைய இயல்பு என்று முடிவுகட்டிவிட்டார்கள். 1957-இல் அமெரிக்க உளவியலாளர் எவலின் ஹூக்கர், தன்பாலீர்ப்புள்ள 30 ஆண்களுக்கும் எதிர்பாலீர்ப்புள்ள 30 ஆண்களுக்கும் அக்காலத்தில் மதிப்புப் பெற்றிருந்த உளவியல் சோதனைகளை நடத்தினார். யாருடைய விடை எது என்பதை மறைத்து, அவற்றைத் துறை வல்லுநர்களிடம் கொடுத்தபோது, அவர்களால் இரு தரப்பையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1990-இல் உலக சுகாதார நிறுவனமும் நீக்கியது. 2018-இல் இந்திய மனநல மருத்துவச் சங்கம் இது நோயல்ல என்று வெளிப்படையாக அறிவித்தது.

இந்த வரலாற்றில் பலர் கவனிக்காத ஓர் இடைக்கட்டம் இருக்கிறது. உங்கள் கேள்விக்கு அதுதான் மிக நெருக்கமானது. 1980-இல் வெளிவந்த அமெரிக்க நோய்ப் பட்டியலில், தன்பாலீர்ப்பு இருப்பது நோயல்ல, ஆனால் அதை எண்ணி ஒருவர் வருந்தினால் அந்த வருத்தத்தோடு கூடிய ஈர்ப்பு ஒரு கோளாறு என்று ஒரு புதிய பெயரைச் சேர்த்தார்கள். பார்வைக்கு நியாயமானதாகவே தோன்றும்: வருந்துகிறவருக்கு உதவக் கூடாதா? ஆனால் தன்னைச் சுற்றியுள்ள எல்லோரும் வெறுப்பதைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த ஒருவர் வருந்தாமல் எப்படி இருப்பார்? அந்த வருத்தத்தை விதைத்தவர்களை விட்டுவிட்டு, அதைச் சுமப்பவரிடமே கோளாறைத் தேடுவது செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டச் சொல்வதாகும். 1987-இல் அந்தப் பெயரையும் நீக்கிவிட்டார்கள். உங்கள் மகளின் ஆலோசகர் பின்பற்றும் முறையின் வேர் இங்கேதான் இருக்கிறது. துன்பம் உண்மையானது, அதற்குச் சிகிச்சை தேவை, ஆனால் துன்பத்தின் ஊற்று எங்கே இருக்கிறது என்பதைத் தவறாகக் குறித்துவிட்டால் எந்தச் சிகிச்சையும் காயத்தை ஆழப்படுத்தவே செய்யும்.

ஊற்று எங்கே என்பதற்கு இலன் மேயர் என்ற ஆய்வாளர் 1995-இலும் 2003-இலும் எழுதிய கட்டுரைகள் ஒரு தெளிவான சட்டகத்தைத் தந்தன. சிறுபான்மையாக இருப்பதால் வரும் மன அழுத்தம் என்று அதைச் சொல்லலாம். வேலை, பணம், உறவு, உடல்நலம் என்று எல்லோருக்கும் உள்ள அழுத்தங்களுக்கு மேலாக, பால்புதுமையினர் சுமக்கும் கூடுதல் பாரம் அது. அதில் ஒரு பகுதி வெளியிலிருந்து வருவது: கேலி, அடி, வேலை மறுப்பு, வீட்டைவிட்டுத் துரத்தப்படுதல். இன்னொரு பகுதி உள்ளே குடியேறிவிடுவது: எப்போது யார் என்ன சொல்வார்களோ என்ற ஓயாத எதிர்பார்ப்பு, மறைத்துக்கொண்டே இருக்க வேண்டிய உழைப்பு, கடைசியில் ஊர் சொல்வது சரிதானோ என்று தன்னையே வெறுக்கும் நிலை. இந்த இரண்டாம் பகுதி வெளியில் யாருக்கும் தெரிவதில்லை. அலுவலகத்தில் மதிய உணவின்போது, "ஞாயிற்றுக்கிழமை யாருடன் படத்துக்குப் போனாய்?" என்று தோழி இயல்பாகக் கேட்கிறார். உங்கள் மகள் ஒவ்வொரு வினைமுற்றையும் எடைபோட்டு, "அவங்க வந்தாங்க, சாப்பிட்டோம், கிளம்பினாங்க" என்று ஆணா பெண்ணா என்பது தெரியாதபடி பேசி முடிக்கிறார். இப்படி ஒரு முறை பேசுவது பெரிய காரியமில்லை. நாள்தோறும், ஆண்டுக்கணக்கில், அம்மாவிடம் தொலைபேசியில் பேசும்போதும் இதையே செய்துகொண்டிருப்பவருக்குத் தூக்கம் கெடாமல் வேறு என்ன ஆகும்?

இனி ஆலோசனை அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். உங்களைப் போன்ற பெற்றோரின் அச்சம் அந்த மூடிய கதவைப் பற்றியதுதான் என்பதை அறிவேன்.

நல்ல ஆலோசகர் ஒருவர், "எப்போதிலிருந்து இப்படி?", "சின்ன வயதில் ஏதாவது நடந்ததா?", "ஆண்களோடு பழகிப் பார்த்தீர்களா?" என்று காரணம் தேடும் கேள்விகளைக் கேட்க மாட்டார். ஓர் ஆணை விரும்பும் பெண்ணிடம் யாரும் அதற்குக் காரணம் கேட்பதில்லை. தன் ஈர்ப்புக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் நீங்கிய பிறகுதான் ஒருவரால் தன் உண்மையான சிக்கலைப் பேசத் தொடங்க முடியும். அந்தச் சிக்கல் ஈர்ப்பைப் பற்றியதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. மேலாளரின் கடுமை, தந்தையின் மரணத்துக்குப் பிறகு ஆறாத துக்கம், தோழியோடு வரும் சண்டை, நீண்டகாலப் பதற்றம் என எதுவாகவும் இருக்கலாம். அவற்றுக்கு எல்லோருக்கும் செய்கிற சிகிச்சையையே செய்வோம்: எண்ண ஓட்டங்களைக் கவனித்து மாற்றும் பயிற்சிகள், தூக்க ஒழுங்கு, தேவையானால் மனநல மருத்துவரின் மருந்துகள். எல்லாவற்றுக்கும் ஈர்ப்பையே காரணமாக்குவது ஒரு தவறு என்றால், ஈர்ப்புக்கும் துன்பத்துக்கும் தொடர்பே இல்லாததுபோலக் கடந்துபோவது அதற்கு இணையான தவறு. இவ்விரண்டுக்கும் இடையில் நடப்பதற்குத்தான் தேர்ச்சி வேண்டும்.

தன்னைப் பற்றி உறுதியில்லாமல் வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஆலோசகர் எந்தப் பெயரையும் சூட்டுவதில்லை. இன்று ஒன்றாகவும் அடுத்த ஆண்டு வேறாகவும் தன்னைப் புரிந்துகொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு. எந்த விடைக்கு வந்து சேர்ந்தாலும் இந்த அறையில் மதிப்புக் குறையாது என்ற உறுதியை மட்டுமே ஆலோசகர் தருகிறார். தள்ளிவிடுவார்களோ என்ற உங்கள் அச்சத்துக்கு இதுதான் நேரான விடை.

வீட்டில் சொல்லிவிடு என்று ஆலோசகர்கள் தூண்டுகிறார்கள் என்பதும் பரவலான எண்ணம். பயிற்சி பெற்றவர் அப்படிச் செய்வதில்லை. சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவரவர் முடிவு. அந்த முடிவுக்கு முன்பாகச் சில நடைமுறைக் கேள்விகளை ஆலோசனைக்கு வந்தவரோடு நாங்கள் சேர்ந்து யோசிக்கிறோம். மாதச் சம்பளம் உங்கள் கணக்கில் வருகிறதா, அப்பாவின் கணக்கோடு இணைந்திருக்கிறதா? பட்டச் சான்றிதழும் ஆதார் அட்டையும் யார் கையில் இருக்கின்றன? வீட்டுக்குப் போன இடத்தில் தொலைபேசியைப் பறித்துக்கொண்டால் யாருக்குத் தகவல் சொல்வீர்கள்? இரவில் கிளம்பி வரவேண்டி நேர்ந்தால் தங்க இடம் உண்டா? தங்கையின் திருமணம் முடியும்வரை காத்திருப்பதால் என்ன இழப்பு, என்ன ஆதாயம்? வெளிநாட்டுப் பாடநூல்கள் வெளிப்படையாகச் சொல்வதை ஒரு விடுதலையாகவே பேசும். 24 வயதுப் பெண்ணின் ஜாதகம் ஏற்கெனவே நான்கு வீடுகளுக்குப் போயிருக்கும் ஓர் ஊரில், அது விடுதலையாகவும் இருக்கலாம், வீட்டுச் சிறையாகவும் முடியலாம். உங்கள் மகள் இத்தனையும் யோசித்த பிறகு உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார் என்றால், ஆலோசகர் தூண்டியதால் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சொன்னாலும் அம்மா என்னைக் கைவிட மாட்டார் என்ற கணிப்பில் சொல்லியிருக்கிறார்.

இப்போது நடுநிலைக்கு வருகிறேன். இரு தரப்பும் சம வலிமையோடு நிற்கும் இடத்தில்தான் நடுநிலைக்குப் பொருள் உண்டு. ஒரு பெண் ஆலோசகர் முன் வந்து அமர்வதற்கு முன்பே, பள்ளிப் பாடமும் திரைப்பட நகைச்சுவையும் உறவினர் பேச்சும் வழிபாட்டிடத்தின் போதனையும் சேர்ந்து அவரிடம் ஒரே பதிலைப் பல்லாயிரம் முறை சொல்லி முடித்திருக்கின்றன. அப்படி வந்தவரிடம், "நான் எதையும் சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை" என்று ஆலோசகர் ஒதுங்கி நின்றால், ஏற்கெனவே கேட்ட பதிலுக்கு அவரும் உடன்படுகிறார் என்றுதான் எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். அந்த மௌனத்தை வேறு எப்படியும் எடுத்துக்கொள்ள அவருக்கு வழியில்லை. ஆகவே, "உங்கள் ஈர்ப்பில் குறை எதுவும் இல்லை" என்பதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்ன பிறகு, அவர் வாழ்க்கையை எப்படி அமைத்துக்கொள்கிறார், யாரிடம் சொல்கிறார், யாரோடு வாழ்கிறார் என்பவற்றில் ஆலோசகர் தம் விருப்பத்தைத் திணிக்காமல் விலகி நிற்க வேண்டும். நீங்கள் எதிர்பார்க்கும் நடுநிலைக்கு உரிய இடம் அதுதான். அங்கே அதை நானும் உறுதியாக வலியுறுத்துகிறேன்.

இதை மிக நேர்மையாகச் செய்துகாட்டியவர் ஓர் ஆலோசகர் அல்ல, ஒரு நீதிபதி. மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் விரும்பிச் சென்னைக்கு வந்துவிட, பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். காவல்துறையிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு அந்தப் பெண்கள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பெண்களையும் பெற்றோரையும் ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். அதோடு நிற்காமல், இந்தப் பொருளில் தமக்கே போதிய புரிதல் இல்லை என்பதையும், இந்த வழக்கில் சொற்கள் மூளையிலிருந்து அல்லாமல் உள்ளத்திலிருந்து வரவேண்டும் என்பதையும் 2021 ஏப்ரல் உத்தரவிலேயே பதிவுசெய்து, தாமும் அந்த உளவியலாளரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். 2021 ஜூன் 7-ஆம் நாள் அவர் பிறப்பித்த உத்தரவு, பால்புதுமையினரை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்தது. வயது வந்தோர் தம் விருப்பப்படி சேர்ந்து வாழ்கிறார்கள் என்று தெரிந்தால் காணவில்லை என்ற புகாரை முடித்துவிடுமாறு காவல்துறைக்கு அறிவுறுத்தியது. நீதித்துறை, கல்வி, மருத்துவம் எனப் பல துறைகளுக்கும் விழிப்புணர்வுப் பயிற்சியை வலியுறுத்தியது. அதன் தொடர்ச்சியாக 2022-இல், பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் திருத்தம் வந்தது. அந்த ஆண்டே, அவர்களை மதிப்போடு குறிப்பதற்கான சொற்களைத் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டது.

அந்த வழக்கின் ஆவணங்களில் என்னை மிகவும் பாதித்தது பெற்றோரைப் பற்றிய குறிப்பு. தம் மகள்களின் மேல் அவர்களுக்கு அன்பு இல்லாமல் இல்லை. சமூகம் என்ன செய்யும், மகள்களுக்குப் பாதுகாப்பு என்ன என்ற அச்சமே மேலோங்கி இருந்தது. ஒரு பெண்ணோடு வாழ்வதைவிட மகள் யாரோடும் சேராமல் தனியாக இருந்துவிட்டால் மானமாவது மிஞ்சும் என்று நினைத்தார்கள். உங்கள் மனத்திலும் இப்படி ஓர் எண்ணம் வந்து போயிருந்தால், அதற்காக உங்களை நான் குறைசொல்ல மாட்டேன். மகளின் ஈர்ப்பு எப்படிப் பிறவியில் நோயல்லவோ, அப்படியே உங்கள் அச்சமும் பிறவிக் கொடுமை அல்ல. இரண்டு பேரையும் அழுத்துவது ஒரே ஊர்தான்.

சரிசெய்வதாகச் சொல்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டும். ஹார்மோன் ஊசி, மின் அதிர்ச்சி, அருவருப்பு ஏற்படுத்தும் மருந்து, போதை மறுவாழ்வு இல்லத்தில் அடைத்து வைத்தல், கோடாங்கி, இரவு முழுக்க நடக்கும் பிரார்த்தனை, கடைசியில் அவசரக் கல்யாணம் என்று இது பல வேடங்களில் வருகிறது. இவற்றுள் எதுவும் எவருடைய ஈர்ப்பையும் மாற்றியதாக அறிவியலில் சான்று இல்லை. மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் இவை கூட்டுகின்றன என்பதற்கே சான்று உண்டு. கன்வர்ஷன் தெரபி என்று அழைக்கப்படும் இதைத் தொழில்நெறி மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் மாநில மருத்துவக் கவுன்சில்களுக்குத் தெரிவித்துவிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் உண்டா இல்லையா என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு போன்ற ஏற்கப்பட்ட அளவுகோல்களின்படியே முடிவுசெய்ய வேண்டும் என்கிறது. ஒருவர் சார்ந்த சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு நம்பிக்கைகளுக்கு அவர் ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் வைத்து மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்றும் சொல்கிறது. அதே சட்டம், பாலீர்ப்பின் பெயரால் பாகுபாடு காட்டாமல் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையையும் தருகிறது. ஒரு மருத்துவர் பட்டங்களை வரிசையாகச் சுவரில் மாட்டியிருந்தும், "சில மாதங்களில் மாற்றிவிடலாம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மருத்துவர்கள் படித்தவர்கள்தாமே, எப்படித் தவறாகச் சொல்வார்கள் என்று கேட்பீர்கள். 2024 ஆகஸ்ட் இறுதியில்கூட, தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட மருத்துவப் பாடத்திட்ட வழிகாட்டியில், பெண்களுக்கிடையேயான உறவை இயற்கைக்கு மாறான பாலியல் குற்றமாகக் காட்டும் பகுதி திரும்ப நுழைந்திருந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு சில நாட்களில் அந்த வழிகாட்டியைத் திரும்பப் பெற்றார்கள். வயது வந்தோரின் ஒப்புதலோடு கூடிய தன்பாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் நாளே தீர்ப்பளித்திருந்தது என்பதை நினைத்துக்கொண்டால், பட்டம் மட்டும் ஏன் போதாது என்பது விளங்கும். அதனால்தான் தனிப் பயிற்சிகள் தேவைப்படுகின்றன. மும்பையின் மாரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ், பால்புதுமையினரான ஆலோசகர்களையே ஆசிரியர்களாகக் கொண்டு, இந்தியச் சூழலுக்கேற்ற பயிற்சியை மனநலத் துறையினருக்கு நடத்திவருகிறது. நல்லெண்ணம் இருக்கிறவர்களுக்கும் இந்தப் பயிற்சி அவசியம் என்பது என் உறுதியான கருத்து. "எனக்கு எல்லோரும் ஒன்றுதான்" என்ற நல்லெண்ணத்தோடு வருகிறவர்தான், எதிரில் இருப்பவருக்கு மட்டும் உள்ள பாரத்தைப் பார்க்கத் தவறுகிறார்.

சமூகநீதிக்கும் ஆலோசனைக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இரண்டு பேரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் உங்கள் மகளைப் போல மென்பொருள் நிறுவனத்தில் சம்பளம் வாங்குபவர். இன்னொருவர் தலித் குடும்பத்தில் பிறந்து, பள்ளியில் பட்ட அவமானத்தால் படிப்பை விட்ட திருநங்கை. இருவருக்கும் பதற்றம் உண்டு. முதலாமவர் தனியாக ஒரு வீடு எடுத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரக்கூடும். இரண்டாமவருக்கு வாடகைக்கு வீடு கேட்டாலே முதலில் சாதியைக் கேட்பார்கள், அதைத் தாண்டினால் பாலினத்தைக் கேட்பார்கள். அவருக்கு மூச்சுப் பயிற்சியை மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்புவது சிகிச்சை ஆகாது. அவருக்கு வரும் அச்சம் கற்பனை அல்ல, அவர் வாழும் இடத்தைப் பற்றிய சரியான கணிப்பு என்பதை ஆலோசகர் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் பிறகு நல வாரியத்தின் உதவி, சட்ட உதவி, அடையாள ஆவணங்கள், நம்பகமான மருத்துவமனை ஆகியவற்றுக்கு வழிகாட்டுவதும் ஆலோசனையின் ஒரு பகுதியே. நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டில் 2008-இல் அமைந்த திருநங்கையர் நல வாரியத்தைப் பற்றி ஓர் ஆலோசகருக்குத் தெரியவில்லை என்றால், அந்த அறியாமை அரசியல் குறைபாடு மட்டுமல்ல, தொழில் குறைபாடும் ஆகும். கட்டணத்தை வருமானத்துக்கேற்பக் குறைத்துக்கொள்வதும், கொச்சைத் தமிழில் வரும் வேதனையை ஆங்கிலக் கலைச்சொல்லாக மாற்றச் சொல்லாமல் அப்படியே கேட்பதும், தாம் எந்தச் சாதியிலிருந்து எந்த வசதியோடு அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தோம் என்று தம்மையே கேட்டுக்கொள்வதும் இதில் அடங்கும்.

திருநங்கையரிடையே ஒரு மூத்தவர் தாயாகவும் இளையவர் மகளாகவும் ஏற்றுக்கொண்டு வாழும் உறவுமுறை உண்டு. அதை அறியாத ஆலோசகர், பெற்ற குடும்பத்தை விட்டு யாரையோ சார்ந்து கிடப்பதாக எண்ணி, அந்த உறவையே சிக்கலாக எழுதிவிடுவார். தேர்ந்தெடுத்த குடும்பம் என்பது அந்தச் சமூகத்தின் உயிர்நாடி. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், வீட்டாரால் கட்டாயமாக அழைத்துச் செல்லப்பட்டு, அடிக்கப்பட்டு, இயல்பாக்கச் சடங்குகளுக்கும் உட்படுத்தப்பட்டதாகச் சொன்ன 25 வயதுப் பெண்ணைத் தம் விருப்பப்படி வாழ அனுமதித்தபோது, திருமணம் ஒன்றே குடும்பத்துக்கு வழி அல்ல என்றும், தேர்ந்தெடுத்த குடும்பம் என்ற கருத்து நிலைபெற்றுவிட்டது என்றும் குறிப்பிட்டது. மனநலச் சட்டத்திலும் இதற்கு ஓர் இடம் இருக்கிறது: வயது வந்த ஒருவர், தமக்காகப் பேசும் நியமனப் பிரதிநிதியாகத் தாம் நம்பும் வேறு ஒருவரைக் குறிக்கலாம், அவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்பதில்லை. இப்படியான ஓர் உரிமை இருப்பதை எடுத்துச் சொல்வதும் ஆலோசகரின் கடமை.

இந்த முறையிலும் பிழைகள் நேர்கின்றன என்பதை மறைக்க விரும்பவில்லை. அறிமுகக் குறிப்பில் ஒரு வானவில்லைச் சேர்த்துவிட்டு, ஒரு நாள் பயிற்சிகூடப் பெறாதவர்கள் இருக்கிறார்கள். எதிரில் இருப்பவரின் துயரத்தைக் கேட்பதைவிடத் தம் அரசியலைப் பேசுவதில் ஆர்வம் கொண்டவர்களும் இருக்கிறார்கள். முருகனிடமோ மாதாவிடமோ அழுது ஆறுதல் பெறும் ஒருவரிடம், அந்த நம்பிக்கைதான் உன்னை ஒடுக்குகிறது என்று விரிவுரை நடத்துவது ஏற்பு அல்ல, இன்னொரு வகைத் திணிப்பு. குடும்பத்தை விட்டு வெளியேறுவதை முதல் தீர்வாகச் சொல்லும் போக்கோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அடியும் அடைப்பும் உள்ள வீட்டிலிருந்து வெளியேறத்தான் வேண்டும். அங்கே தயக்கத்துக்கு இடமில்லை. ஆனால் புரியாமல் தவிக்கும் வீட்டை வன்முறை நிறைந்த வீட்டோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. நம் ஊரில் மருத்துவமனைச் செலவு முதல் பிள்ளைப்பேறு வரை குடும்பமே தாங்குகிறது. அதை இழப்பதன் விலையை அந்தப் பெண்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே உங்கள் மகளின் ஆலோசகரைப் பற்றிக் கவலையிருந்தால், அவருடைய முத்திரைச் சொற்களை விட்டுவிட்டு, வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பாருங்கள். என்ன படித்தார், யாருடைய மேற்பார்வையில் பணிசெய்கிறார், தற்கொலை எண்ணம் வந்தால் எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவார் என்பவை எந்த ஆலோசகரிடமும் கேட்கக்கூடிய கேள்விகள். நல்லவர் அவற்றால் புண்பட மாட்டார். அவற்றை உங்கள் மகள் வழியாகக் கேளுங்கள். நீங்கள் நேரடியாகத் தொலைபேசியில் அழைத்தால், உங்கள் மகள் தம்மிடம் வருகிறாரா என்பதைக்கூட அவர் சொல்ல மாட்டார். அது திமிர் அல்ல. மகளின் ஒப்புதல் இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது என்பது அவருடைய தொழில்நெறி. உங்கள் மகளுக்குத் தூக்கம் திரும்புகிறதா, சாப்பிடுகிறாரா, முன்பு விட்டுவிட்ட நட்புகளைத் திரும்பத் தொடங்கியிருக்கிறாரா, உங்களிடம் பேசும்போது குரலில் எச்சரிக்கை குறைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். ஆலோசனை பயன்தருகிறதா என்பதை அவை சொல்லும்.

உங்களுக்கும் பேச ஓர் இடம் வேண்டும். மகளின் ஆலோசகரே உங்களுக்கும் ஆலோசகராக இருப்பது பெரும்பாலும் சரிவராது. வேறொருவரைப் பரிந்துரைக்கச் சொல்லலாம். திருமணம், பேரக்குழந்தை, உங்களுக்குப் பிறகு அவருக்கு யார் துணை என்று நீங்கள் பல ஆண்டுகளாகக் கட்டிவைத்திருந்த எதிர்பார்ப்புகள் கலைந்திருக்கின்றன. அந்தத் துக்கத்தை மகளிடம் இறக்கிவைக்காமல் வேறிடத்தில் அழுது தீர்த்துக்கொள்வது அவருக்கும் உதவி. இதே வழியில் நடந்த பெற்றோர் நாடு முழுவதும் இருக்கிறார்கள். ஸ்வீகார் என்ற பெற்றோர் அமைப்பைச் சேர்ந்த 400-க்கும் மேற்பட்டோர், தம் பிள்ளைகளின் திருமண உரிமைக்காக 2023-இல் இந்தியத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்களும் முதல் நாளிலேயே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

இப்போதைக்குச் செய்யக்கூடியவை சில உண்டு. சுற்றுக்கு விட்டிருக்கும் ஜாதகத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அதை வாங்கிவிட்டதை மகளிடம் சொல்லுங்கள். அவர் உங்களிடம் சொன்னதை அவர் அனுமதியில்லாமல் அத்தை, சித்தப்பா என்று யாரிடமும் சொல்லாதீர்கள், ஆறுதல் தேடியும்கூட. எல்லாம் உடனே புரிந்துவிட்டதாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. "எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஆனால் நீ என் பிள்ளை, உன்னை யாரிடமும் கொண்டுபோய் மாற்றச் சொல்ல மாட்டேன்" என்று சொன்னால் இந்த நிலையில் அது போதும். மகளின் பேச்சில் வாழ விருப்பமில்லை என்ற சாயல் எப்போதாவது தெரிந்தால், வாரமொருமுறை நடக்கும் ஆலோசனைக்காகக் காத்திருக்காமல், அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, இரவிலும் இயங்கும், தமிழில் பேசலாம். உங்களுக்கே மனம் தாங்காமல் போகும்போதும் அதே எண்ணை அழைக்கலாம்.